வலிப்பு: சாவிக்கொத்தும் சொல்லப்படாத சாவும்

பரளச்சி பக்கம் யாராவது வலிப்பு வந்து கீழே விழுந்தால் கூட்டத்தில் முதலில் கிளம்பும் குரல், "சாவி இருந்தா குடுங்கப்பா" என்பதுதான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலும் இதே கதைதான், திருச்சுழி கடைத்தெருவிலும் இதே கதைதான். சாவிக்கொத்து இல்லையென்றால் அரிவாள், அதுவும் இல்லையென்றால் கம்பி, பிறகு மூக்கருகே செருப்பு, கடைசியில் நசுக்கிய வெங்காயம். கையில் இரும்பைத் திணித்த ஓரிரு நிமிடத்தில் உதறல் நின்றுவிடும். சாவிக்கு நல்ல பேர்! பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடக்கூடியவை என்பதும், கையில் இரும்பு இருந்தாலும் பித்தளை இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவை அடங்கத்தான் செய்யும் என்பதும் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

சாவிக்கொத்தைக் கேலி செய்து எத்தனையோ பேர் எழுதியாயிற்று. அதையே திரும்ப எழுத இந்தப் பதிவு தேவையில்லை. பகலில், பத்துப் பேர் கண் முன்னால் வரும் வலிப்புக்காவது ஒரு சாவியும் நாலு கைகளும் வந்து சேர்கின்றன. யாரும் பார்க்காத நேரத்தில், நடு ராத்திரியில், தூக்கத்தில் வரும் வலிப்பைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

வலிப்பு நோய் உள்ள ஒருவர். பெரும்பாலும் இளவயது. அன்று பகல் முழுக்க நன்றாகத்தான் இருந்தார். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. பார்த்தால் குப்புறக் கிடக்கிறார். பிரேதப் பரிசோதனை செய்தாலும் உடலில் சாவுக்கான காரணம் எதுவும் அகப்படுவதில்லை. மருத்துவ உலகம் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சடன் அன்எக்ஸ்பெக்டட் டெத் இன் எபிலெப்சி', சுருக்கமாக 'சூடெப்'. தமிழில் சொன்னால் வலிப்பு நோயாளிக்கு நேரும் எதிர்பாராத திடீர் மரணம். 1997ல் லினா நஷெஃப் என்ற நரம்பியல் மருத்துவர் இதற்கு ஒரு வரையறை எழுதினார். தண்ணீரில் மூழ்கியோ, விழுந்து அடிபட்டோ, நிற்காமல் நீடிக்கும் வலிப்பினாலோ வந்த சாவு இதில் சேராது. அவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் காரணம் பிடிபடாமல் மிஞ்சும் சாவுதான் சூடெப்.

வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒருவரும், குழந்தைகளில் 4,500 பேரில் ஒருவரும் இப்படி இறக்கிறார்கள் என்று 2017ல் அமெரிக்க நரம்பியல் சங்கமும் அமெரிக்க வலிப்பு நோய்ச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உடல் முழுதும் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ வருகிறவர்களுக்கு ஆபத்து 15 மடங்கு என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

படித்ததும் பயந்துவிட வேண்டாம். 1,000ல் ஒருவர் என்றால் 999 பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்றும் பொருள். பாய்ந்து பாய்ந்து ஃபீல்டிங் செய்த ஜான்டி ரோட்ஸுக்கு வலிப்பு உண்டு. கிரிக்கெட் வர்ணனையாளர் டோனி கிரெய்குக்கும் இருந்தது. எந்தக் கிரிக்கெட் ரசிகரும் இவர்களை நோயாளிகள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம், 2019 ஜூலையில் டிஸ்னி படங்களில் நடித்த கேமரன் பாய்ஸ் 20 வயதில் தூக்கத்திலேயே இறந்தபோது, அது சூடெப் என்று அவருடைய குடும்பம் வெளிப்படையாகச் சொன்னது. உலகத்தில் பலர் அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டதே அன்றைக்குத்தான்.

அந்தத் தூக்கத்தில் என்னதான் நடக்கிறது? நீண்ட காலம் யாருக்கும் தெரியாது. பார்த்தவர் இருந்தால்தானே தெரியும்? 2013ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் பிலிப் ரிவ்லின் குழு வெளியிட்ட ஆய்வுதான் முதல் வெளிச்சம். தலையில் மின்வாய்களை ஒட்டி, கேமரா வைத்து, இரவு பகலாக நோயாளிகளைக் கண்காணிக்கும் பிரிவுகள் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஐரோப்பா, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் உள்ள அத்தகைய பிரிவுகளில் அதுவரை நேர்ந்த இம்மாதிரி மரணங்களின் பதிவுகளை எல்லாம் திரட்டினார்கள். மொத்தம் 16 சாவுகள். அவற்றில் 14 இரவில் நடந்தவை. மூச்சும் இதயத்துடிப்பும் சேர்ந்து பதிவாகியிருந்த 10 பேரிடமும் ஒரே மாதிரி வரிசை இருந்தது. முதலில் பெரிய வலிப்பு. அது அடங்கியதும் மூச்சு வேகமாக வாங்குகிறது. மூன்று நிமிடத்துக்குள் மூச்சும் இதயமும் தடுமாறுகின்றன. சிலருக்கு அப்போதே முடிந்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் மீண்டு, மறுபடி தடுமாறி, வலிப்பு நின்ற 11 நிமிடத்துக்குள் மூச்சு நின்றுபோகிறது. இதயம் நிற்பது அதற்குப் பிறகு.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மூச்சு முதலில், இதயம் பிறகு. அதாவது இடையில் சில நிமிடங்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, புரட்டிப்போட்டு, தட்டி எழுப்பி, தேவைப்பட்டால் நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

2020ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஓலாஃபுர் ஸ்வைன்சன் குழுவின் ஆய்வு இதை வேறு திசையிலிருந்து பிடித்தது. நாடு முழுவதிலும் சூடெப்பால் இறந்த 255 பேரை, வலிப்பு இருந்தும் உயிரோடு இருப்பவர்களோடு ஒப்பிட்டார்கள். முந்தைய ஆண்டில் பெரிய வலிப்பு வந்திருந்தால் ஆபத்து 27 மடங்கு. பெரிய வலிப்பும் வந்து, படுக்கையறையில் தனியாகவும் தூங்குகிறவர் என்றால் 67 மடங்கு!

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பரளச்சிக்கு வாருங்கள். கரிசல் காட்டு வீடுகளில் தனிப் படுக்கையறை என்பது எத்தனை பேருக்கு? கோடையில் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் வரிசையாகப் பாயை விரித்துக் குடும்பமே படுக்கும். பாட்டி ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். பணக்கார நாடுகளில் இதே காவலுக்காகக் கையில் கட்டும் கருவி வந்திருக்கிறது. வலிப்பை உணர்ந்து வீட்டாருக்குத் தகவல் அனுப்பும் கைக்கடிகாரம் ஒன்றுக்கு 2018ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அந்தக் கடிகாரம் செய்கிற வேலையைப் பாயில் பக்கத்தில் படுத்திருக்கும் அத்தை சம்பளமில்லாமல் செய்ய முடியும். ஏழ்மை தெரியாமல் கொடுத்த ஒரு பாதுகாப்பு இது.

ஆனால் அத்தைக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே! ராத்திரி வெட்டு வந்தால் அதோடு போச்சு, விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து அவர் திரும்பிப் படுத்தால் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், முகம் தலையணைக்குள் புதையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிட வேண்டும், வலிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனிக்க வேண்டும். மொத்தம் இவ்வளவுதான். மனப்பாடம் செய்ய அரை நிமிடம் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஊரை விட்டுக் கிளம்பும்போது வருகிறது. வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகாத வருடம் மிளகாயும் இல்லை, பருத்தியும் இல்லை. சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடலாம். இல்லாவிட்டால் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். 20 வயதுப் பையன் பனியன் கம்பெனி அறையிலோ, பெண் மில் விடுதியிலோ, இன்னொருவர் காலேஜ் ஹாஸ்டலிலோ போய்ச் சேர்கிறார்கள். அறையில் கூட ஆட்கள் இருப்பார்கள். ஆனால் வலிப்பு இருப்பதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வேலை போய்விடுமோ, அறையை மாற்றச் சொல்வார்களோ, ஊருக்குச் சேதி போய் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை ஒரு நாள் விட்டுப்போகும். நைட் ஷிப்ட்டில் தூக்கமும் கெடும். மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பை இழுத்து வருகிற விஷயங்கள் என்பது எல்லா நரம்பியல் மருத்துவர்களும் சொல்லும் பாடம். (ஊரில் மட்டும் என்ன, பங்குனிப் பொங்கலுக்கு விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்க்கிற வழக்கம் இருக்கிறதே! பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டு, பாதி ராத்திரிக்காவது எழுந்து வந்துவிடலாம்.)

ஆக ஆளைக் கொல்கிற வலிப்பின் கூட மறைப்பும் கைகோத்து வருகிறது.

மறைப்புக்கு வரலாறு இல்லாமல் இல்லை. சிவன் கோயில் நடராசர் காலடியில் நசுங்கிக் கிடக்கும் முயலகன் என்ற பெயரே தமிழில் ஒருவகை வலிப்புக்கும் பெயர். கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகன் நோயைத் திருச்சிப் பக்கம் திருவாசியில் ஞானசம்பந்தர் தீர்த்த கதை பெரியபுராணத்தில் வருகிறது. பழங்காலத்துக் கதையை விடுங்கள். 1976ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று எழுதிச் சேர்த்தார்கள். பைத்தியத்தோடு ஒரே வரியில் வலிப்பும் வந்தது. அந்த வார்த்தையை நீக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து அது போய்க் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஜாதகத்தோடு சேர்த்து விசாரிக்கும் வாய்களிலிருந்து இன்னும் போகவில்லை.

இனி கணக்குக்கு வரலாம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரிந்திருக்கும். இருப்பாய்வு இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையென்றால், வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தூக்கி அதில் போட்டுவிட்டு மேலே போவார்கள். பிழை கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்பது விதி. கிராமத்துச் சாவுகளில் 'ஹார்ட் அட்டாக்' என்பது அப்படி ஒரு அனாமத்துக் கணக்கு. எதனால் என்று தெரியாத எல்லாவற்றையும் அதில் போடுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் கணக்கை யாரும் திரும்பத் திறந்து முடிப்பதே இல்லை.

காலையில் உடலைப் பார்க்கிறார்கள். மதியத்துக்குள் உறவு முறை எல்லாம் வந்துவிடுகிறது. சாயங்காலம் எடுத்துவிடுகிறார்கள். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ என்று சாவின் காரணத்தை மருத்துவர் எழுதித்தர ஏற்பாடு இருக்கிறது. ஆனால் 2020ல் நாடு முழுக்கப் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று பெற்றவை 22.5 சதவீதம்தான். மீதி முக்கால் பங்குக்கு மேல் அப்படி ஒரு மருத்துவச் சான்று இல்லாமலே போனவை. அதில் எத்தனை பேருக்கு வலிப்பு இருந்தது என்று யாரைப் போய்க் கேட்பது?

வேறொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 2006ல் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த வேதாந்தம் ராஜசேகர் குழு, வேலூர் மாவட்டத்தில் 50,617 பேரைக் கணக்கெடுத்து வெளியிட்ட முடிவுப்படி, 1,000 பேருக்கு 3.83 பேர் வலிப்பால் அவதிப்படுகிறவர்கள். (அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் மூளையில் போய்த் தங்கும் நாடாப்புழுவின் இளம்பருவம். நாடாப்புழு உள்ளவரின் மலம் கலந்த தண்ணீர், கழுவாத காய், கழுவாத கை வழியாக முட்டை உள்ளே போகிறது. சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறவருக்கும் வரும். கக்கூஸ் கட்டுவதும் வலிப்புத் தடுப்புதான்!) அந்த விகிதத்தை 5,000 பேர் வாழும் ஒரு ஊருக்குப் போட்டால் 19 பேர் வருகிறார்கள். ஆண்டுக்கு 1,000ல் ஒருவர் என்ற விகிதத்தை அந்த 19 பேருக்குப் போட்டால், 50 வருடத்துக்கு ஒரு சாவு. மாத்திரை இல்லாமல் இருப்பவர்கள் அதிகம் என்றால் அந்த இடைவெளி சுருங்கும், அவ்வளவே. ஒரு ஊர்க்காரர் தன் வாழ்நாளில் இப்படி ஒன்றைத்தான் பார்ப்பார். ஒன்றை வைத்து யாருக்கு என்ன பிடிபடும்? 'விதி' என்பார்கள், 'காத்துக் கருப்பு' என்பார்கள்.

அதையே நாட்டுக்குப் போடுங்கள். இந்தியாவில் வலிப்பு உள்ளவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் மதிப்பீடு. ஆயிரத்தில் ஒன்று என்றால் வருடத்துக்கு 10,000 பேர். இது யாரும் போய் எண்ணிப் பார்த்த கணக்கல்ல, வெறும் பெருக்கல்தான். ஆனால் பெருக்கிப் பார்க்காமலே ஒரு தொகை இல்லை என்று சொல்லிவிட முடியாதல்லவா?

பெயர் இல்லாத சாவு இருக்கிறவர்களையும் சும்மா விடுவதில்லை. வலிப்பை மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் மாமியார் வீட்டில் ஒரு நாள் காலை எழுந்திருக்கவில்லை என்று வையுங்கள். காரணம் தெரியாத சாவு என்பதால் போலீஸ் வரும், கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். பெண் வீட்டார் ஒன்று சொல்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒன்று சொல்வார்கள். வலிப்பு இருந்தது என்பதைச் சொல்ல வேண்டிய ஒரே நபர்களான பெற்றோர், மறைத்துக் கட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமே என்று வாயைத் திறக்க மாட்டார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் ஒன்றும் இருக்காது. வலிப்பு இருந்த விவரம் மருத்துவருக்குத் தெரியாவிட்டால் சூடெப் என்ற முடிவுக்கு அவர் வரவே வழியில்லை.

அப்படியானால் இந்த ஆபத்தை நோயாளியிடம் சொல்லலாமா கூடாதா? மருத்துவர்களிடையே பல வருடமாக நடக்கும் வாதம் இது. சொல்லக் கூடாது என்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஏற்கெனவே பயந்துபோய் வந்திருக்கும் ஒரு அம்மாவிடம், பிள்ளை தூக்கத்தில் செத்துப்போகலாம் என்று சொன்னால் அன்றிலிருந்து அவர் தூங்குவாரா? அரசு மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது?

பிரிட்டனில் இந்த வாதத்தைத் தீர்த்து வைத்ததில் செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. "எங்களிடம் முன்பே ஏன் சொல்லவில்லை?" என்று அவர்கள் கேட்டார்கள். 2002ல் வலிப்பு தொடர்பான மரணங்களைப் பற்றி அங்கே நாடு தழுவிய தணிக்கை ஒன்று நடந்தது. பெரியவர்களின் சாவுகளில் 39 சதவீதமும் குழந்தைகளின் சாவுகளில் 59 சதவீதமும் தவிர்த்திருக்கக் கூடியவையாக இருந்திருக்கலாம் என்று அது சொன்னது. 2004ல் வந்த அரசு வழிகாட்டி, சூடெப் பற்றி நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியது. 2017ன் அமெரிக்க வழிகாட்டியும் அதையே சொல்கிறது, 999 பேருக்கு ஒன்றும் ஆகாது என்ற பக்கத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது.

சொல்லத்தான் வேண்டும். பரளச்சிக்குச் சீமையைவிட அதிகமாகவே சொல்ல வேண்டும். ஸ்டாக்ஹோமில் இருப்பவர் தெரிந்துகொள்ள ஆயிரம் வழி உண்டு. இங்கே மருந்துச் சீட்டை நீட்டுகிறவர் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. மாத்திரை கைகால் இழுக்காமல் இருக்க என்று நினைப்பவர், மூன்று மாதம் வலிப்பு வராவிட்டால் நிறுத்திவிடுவார். மாத்திரை உயிருக்கும் காவல் என்று தெரிந்தவர் நிறுத்த யோசிப்பார். கண்மாய்க்கும் கிணற்றுக்கும் தனியாகப் போகாதே, கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்காதே, டி.வி.எஸ். எக்செல் ஓட்டாதே என்று சொல்லத் தயங்காத வீட்டார், தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல் இருப்பதில் நியாயம் இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை தவறாதவருக்கும், பக்கத்தில் ஆள் இருக்கும்போதும் சில சமயம் இது நடந்துவிடுகிறது. அசதியில் கண்ணயர்ந்த அம்மாவை யாரும் குற்றம் சொல்லக் கூடாது. இறந்த பிறகு அந்தக் குடும்பத்துக்குச் சொல்வதும் அதே அளவு முக்கியம். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, உலகம் முழுக்க இப்படி நடக்கிறது, பேயும் அடிக்கவில்லை, பாவமும் செய்யவில்லை என்று கேட்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது.

செலவு ஆகுமே என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் உண்டு. கர்நாடகத்தின் எளந்தூர் பக்கம் கிராமங்களில் கே.எஸ். மணி குழு பினோபார்பிட்டோன், பினைட்டாயின் என்ற இரண்டு பழைய, மலிவான மாத்திரைகளை மட்டும் வைத்துக்கொண்டு 135 பேருக்கு ஐந்து வருடம் வரை வைத்தியம் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு நின்றது. முடிவுகள் 2001ல் 'லான்செட்' இதழில் வெளியாயின. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 டாலர் செலவில்கூட மருந்து கொடுக்கலாமாம். இருந்தும் இந்தியக் கிராமங்கள் சிலவற்றில் பத்தில் ஒன்பது பேர் வரை சிகிச்சைக்கு வெளியே இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2021 ஆகஸ்ட் 5ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அதே பையில் வலிப்பு மாத்திரைக்கும் இடம் உண்டு. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. மாவட்டத்தில் வலிப்பு உள்ளவர்களுக்கு ஒரு பதிவேடு போட்டு, அவர்களில் யாராவது இறந்தால் ஒரு செவிலியர் வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்கலாம். எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? எப்படிக் கிடந்தார்? மாத்திரை எத்தனை நாளாக இல்லை? பக்கத்தில் யார் படுத்திருந்தார்? ஐந்து வருடம் இப்படிக் கேட்டால், பரளச்சியிலும் நரிக்குடியிலும் ராத்திரியில் என்ன நடக்கிறது என்பதற்கு ஸ்வீடனின் கணக்கை எடுத்துப் பேச வேண்டியிருக்காது.